கணக்கேட்டில் கற்ற தலைமை

தலைமைப் பண்பு குறித்துக் கல்லூரி அரங்குகளில் பேசப்படும்போதெல்லாம் காந்தியடிகளின் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி தவறாமல் மேடையேறுவதைக் கவனித்து வருகிறேன். 1893-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்த இளம் வழக்குரைஞர் ஒருவர், நிறத்தின் காரணமாகப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்படுகிறார். குளிரில் நடுங்கியபடி காத்திருப்பறையில் இரவைக் கழிக்கிறார். பொழுது விடியும்போது ஒரு தலைவர் பிறந்துவிடுகிறார்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தலைவராக விரும்பும் ஓர் இளைஞர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கதையில் விடை இல்லை. அவமானம் காந்திக்கு மட்டும் நேர்ந்ததன்று. மறுநாள் அவரைக் காண வந்த இந்திய வணிகர்கள், இதில் புதுமை எதுவுமில்லை என்று தங்கள் அனுபவங்களைச் சொல்லித்தான் அவரைத் தேற்றினார்கள். அவமதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், தலைவரானவர் ஒருவர். அந்த வேறுபாட்டை ஓர் இரவின் மனக்கொதிப்பைக் கொண்டு விளக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. அதற்குப் பிந்தைய 21 ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 'சத்திய சோதனை'யையும் 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாகிரகம்' நூலையும் இந்த நோக்கோடு படித்தால், வீரச் செயல்களைவிட ரசீதுகளும் விண்ணப்பங்களும் பருப்புக் குழம்பும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன.

மூலப்பொருள் எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்கலாம். லண்டனில் சட்டம் படித்த காலத்தில் அவர் மரக்கறி உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்தார் என்பதற்காக டாக்டர் ஆலின்சன் என்ற உறுப்பினரை நீக்கும் தீர்மானம் வந்தது. ஆலின்சனின் கருத்தில் காந்திக்கு உடன்பாடில்லை. ஆனால், அதற்காக ஒருவரை நீக்குவது முறையன்று என்று கருதினார். தம் வாதத்தை எழுதிக்கொண்டு போனார். எழுதியதைப் படிக்கும் துணிவுகூட வரவில்லை, வேறொருவர் படித்தார். நாடு திரும்பிப் பம்பாய் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் 30 ரூபாய்க் கட்டணத்தில் ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது; ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கு வேறொருவர் கைக்குப் போயிற்று. பிறவித் தலைவர் என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்துகிறோம்!

பின்னர் ராஜ்கோட்டுக்குப் போய் மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்து மாதம் சுமார் 300 ரூபாய் ஈட்டினார். வாழ்க்கை வரலாற்று நூல்கள் இந்தக் காலத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. எனக்கோ இதுதான் அவரது முதல் பயிற்சிக்கூடமாகத் தோன்றுகிறது. பிறருடைய குறையை அவர் வாயால் கேட்டு, தேவையற்றதை நீக்கி, அதிகாரி படிக்கக்கூடிய வடிவில் எழுதும் திறன் அங்கேதான் கைவந்தது. பின்னாளில் நேட்டால் அரசையும் லண்டனையும் அடுத்தடுத்துச் சென்றடைந்த விண்ணப்பங்களுக்குப் பின்னால் ராஜ்கோட்டின் இந்த எழுத்துக்கூலி இருக்கிறது.

தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக, 105 பவுண்டு ஊதியத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். வழக்கு முழுவதும் கணக்கு வழக்கு. வரவு, பற்று என்று குமாஸ்தாக்கள் பேசிய எதுவும் அவருக்குப் புரியவில்லை. புரோநோட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கத்தை அகராதியில் தேடிக் கிடைக்காமல், ஒரு குமாஸ்தாவிடமே தம் அறியாமையைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு கணக்குப் பதிவியல் நூல் ஒன்றை வாங்கிப் படித்தார். லண்டனில் பட்டம் பெற்ற ஒருவர் குமாஸ்தாவிடம் தமக்குத் தெரியாததை ஒப்புக்கொள்வது எளிய செயலன்று. நம் அலுவலகங்களில் இன்றும் அரிதாகவே காணக் கிடைப்பது.

வழக்கு 40,000 பவுண்டு சம்பந்தப்பட்டது. எதிர்த்தரப்பினரான தய்யப் சேட், தாதா அப்துல்லாவின் உறவினர். வழக்கு நீண்டால் இருவரும் அழிவார்கள் என்பதைக் கணக்கேடுகளே காந்திக்குக் காட்டின. மத்தியஸ்தத்துக்கு இருவரையும் இணங்க வைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாக வந்தது. அத்துடன் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 37,000 பவுண்டையும் செலவுத் தொகையையும் ஒரே தவணையில் கேட்டால் தய்யப் சேட் திவாலாவார். அந்த வணிகர்களுக்கு அது சாவினும் கொடிது. வென்றவரிடம் பேசி நீண்ட தவணைகளுக்குச் சம்மதிக்க வைத்தார். மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிட இதுவே கடினமாக இருந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். தோற்றவரும் தலைநிமிர்ந்து வெளியேற ஒரு வழி வைத்துவிட்டு உடன்பாடு காணும் கலையை இர்வினும் ஸ்மட்ஸும் பின்னாளில் அவரிடம் கண்டார்கள். அவர் அதைக் கற்றது வணிகர் இருவரின் கணக்குச் சண்டையில்.

அதே பிரிட்டோரியாவில்தான் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சையும் அவர் பேசினார். தலைப்பு வெள்ளையரின் அநீதி அன்று. வணிகத்தில் உண்மை, இருப்பிடத் தூய்மை ஆகியவை பற்றித் தம் மக்களிடமே பேசினார். பேச்சின் முடிவில், விரும்புவோருக்கு ஆங்கிலம் கற்பிப்பதாகச் சொன்னார். ஒரு முடிதிருத்துநர், ஒரு குமாஸ்தா, ஒரு சிறு கடைக்காரர் என மூவர் முன்வந்தனர். அவர்களுக்கு நேரம் ஒழியாதபோது அவரே அவர்கள் இடத்துக்குப் போய்க் காத்திருந்து சொல்லிக் கொடுத்தார். நா எழாமல் தவித்த மனிதர் பேசக் கற்றது இப்படித்தான். பேச்சுப் பயிற்சி வகுப்பு எதற்கும் அவர் போகவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. கேட்பவர்களின் நன்மையில் அக்கறை இருந்தது. கூச்சம் மெல்ல விலகியது.

1894-இல் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப இருந்த வேளையில், இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் நேட்டால் மசோதா பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. பிரிவுபசார விருந்தே போராட்டக் குழுவின் முதல் கூட்டமாயிற்று. இரண்டு வாரங்களில் 10,000 கையொப்பங்களுடன் ஒரு விண்ணப்பம் தயாராயிற்று. எண்ணிக்கையைவிட, அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனையே எனக்கு முக்கியமாகப் படுகிறது: விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்பதை முழுமையாக விளங்கிக்கொள்ளாத ஒருவரிடமும் கையொப்பம் வாங்கக் கூடாது. நேரமோ குறைவு, கையொப்பமிடுவோரோ மாகாணம் முழுவதும் சிதறிக் கிடந்தனர். விளக்கம் சொல்லாமலே வாங்கியிருந்தால் தொகை இரட்டித்திருக்கலாம். ஆனால், விளங்காமல் இடப்பட்ட கையொப்பம் காகிதத்தோடு முடிந்துவிடும். விளங்கி இட்டவர் அடுத்த கூட்டத்துக்கும் வருவார்.

அவ்வாண்டே தொடங்கப்பட்ட நேட்டால் இந்தியர் காங்கிரஸ்தான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம் என்பேன். மாதச் சந்தா குறைந்தது 5 ஷில்லிங். பெயர் கொடுத்தவர்கள் பலர். ஒழுங்காகக் கட்டியவர்கள் சிலர். வெளியூர் உறுப்பினர்களிடம் மாதந்தோறும் போய்த் தண்டுவது இயலாத செயல். உற்சாகம் ஒரு வாரத்துக்குத்தான் வரும் என்பதை அவர் கண்டுகொண்டார். முறை மாற்றப்பட்டது, ஆண்டுக்கு 3 பவுண்டு, முன்பணமாக. ஒவ்வொரு வரவுக்கும் ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் கணக்கு. கடன் வாங்கி எந்தக் காரியமும் தொடங்குவதில்லை. பொதுப்பணிக்கென ஊதியம் பெறவும் மறுத்தார். வணிகர்கள் சுமார் 20 பேர் தங்கள் சட்ட வேலைகளை அவரிடம் ஒப்படைக்க, அந்த வருவாயில் அங்கே தங்கினார்.

நிதி திரட்டச் சென்ற ஒரு பயணத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது சுவையானது. ஒரு செல்வர் 6 பவுண்டு தருவார் என்று எதிர்பார்த்துப் போனார்கள். அவர் 3 பவுண்டுக்கு மேல் அசையவில்லை. வாங்கிக்கொண்டால் அவரைப் பார்த்து மற்றவர்களும் அதே அளவில் நிறுத்திக்கொள்வார்கள். இரவு நெடுநேரமாயிற்று, எல்லோருக்கும் பசி. குறைவாக வாங்கிக்கொண்டு உண்பதில்லை என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உடன் வந்தவர்கள் உள்ளுக்குள் கொதித்தார்கள். காந்தி அவர்களை அடக்கி வைத்தார். விடியற்காலையில் மனம் இளகிய செல்வர் 6 பவுண்டு கொடுத்து, வயிறாரச் சோறும் போட்டார். செய்தி பரவி, அடுத்த ஊர்களில் வேலை எளிதாயிற்று. சத்தியாகிரகம் என்ற சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதன் ஒத்திகை ஒரு வணிகரின் வீட்டுக் கூடத்தில் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவுக்கும் காந்தி அதுவரை வணிகர்களின் வழக்குரைஞராகவே இருந்தார். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த ஏழைகள் அவரை அறிய மாட்டார்கள்; சந்தா கட்டும் நிலையில் அவர்கள் இல்லை. அந்தக் கதவைத் திறந்தவர் பாலசுந்தரம் என்ற தமிழர். கிழிந்த உடையும் உடைந்த முன்பற்களும் வாயில் ரத்தமுமாக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி அழுதுகொண்டு வந்து நின்றார். முதலாளி அடித்திருந்தார். அவர் சொன்னது காந்திக்குப் புரியவில்லை. அலுவலகத்திலிருந்த தமிழ்க் குமாஸ்தாவே மொழிபெயர்த்தார். முதலில் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் சொன்ன பின்னரே காந்தி மற்றதைப் பார்த்தார். மருத்துவச் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்று, முதலாளியைத் தண்டிப்பதில் நேரம் போக்காமல், பாலசுந்தரத்தை வேறொருவரிடம் மாற்றிவிட ஏற்பாடு செய்தார். செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது.

1896-இல் இந்தியா திரும்பும் கப்பலில் மருத்துவர் கொடுத்த ஒரு தமிழ்ப் பாடநூலை வைத்துக்கொண்டு காந்தி தமிழ் படிக்கத் தொடங்கினார். பின்னர்ச் சிறையிலும் தொடர்ந்தார். அந்தப் படிப்பு ஒருபோதும் முழுமை பெறவில்லை. ஆனால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மக்களை வழிநடத்த முடியாது என்ற அறிவு, நாற்பது வயதுக்கு முன் அவருக்கு வாய்த்திருந்தது.

1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தபோது, தென்னாப்பிரிக்காவில் அவர் பெயர் பெற்றவர். போயர் போரில் 1,100 இந்தியர் கொண்ட ஆம்புலன்ஸ் படையைத் திரட்டி நடத்தியவர். மாநாட்டு முகாமில் கழிப்பிடங்கள் நாறின. தொண்டர்களிடம் சொன்னார், அது துப்புரவாளர் வேலை என்றார்கள். துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே கூட்டினார். பிறகு அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்டு, செயலாளர் கோஷால் பாபுவுக்கு வந்து குவிந்திருந்த கடிதங்களுக்கு விடை எழுதும் குமாஸ்தா வேலையைப் பெற்றுக்கொண்டார். கோஷாலின் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டிருக்கிறார். இதைப் பணிவின் சின்னமாக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். அதனால் அவர் அடைந்த ஆதாயம் வேறு. காங்கிரஸ் என்ற நிறுவனம் உள்ளே எப்படி இயங்குகிறது, எங்கே நேரம் வீணாகிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையெல்லாம் சில நாள்களில் தெரிந்துகொண்டார். 1920-இல் அந்தக் கட்சியின் அமைப்பையே மாற்றி எழுதியவர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதன் கடிதக் கட்டுகளைப் பிரித்தவர்.

இன்று இத்தகைய பயிற்சிக்கு இடம் எங்கே இருக்கிறது என்ற கவலை எனக்கு உண்டு. இரண்டு நாள் முகாமும் சான்றிதழும் தலைமையைத் தந்துவிடும் என்று கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. ஒரு சங்கத்தின் வரவு செலவை எழுதி, பொதுக்குழுவின் முன் நின்று அதட்டலான கேள்விகளுக்கு விடை சொல்லும் வாய்ப்போ குறைந்து வருகிறது. தமிழகத்தில் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022-இல். வார்டு உறுப்பினராகக் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் மன்றாடிக் கற்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறை, அந்த ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை இழந்தது. அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது.

தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புவோம். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் பெருங்கூட்டம். ஆசியர்களைக் கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ளச் செய்யும் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று, கடவுளைச் சாட்சியாக வைத்து உறுதி ஏற்போம் என்றார் ஹாஜி ஹபீப். கூட்டம் கொந்தளித்து எழுந்தது. எந்தத் தலைவரும் அந்த அலையின் மீது ஏறிச் செல்லவே விரும்பியிருப்பார். காந்தி அதை நிறுத்தினார். கடவுள் பெயரால் ஏற்கும் உறுதி சாதாரணத் தீர்மானமன்று. சிறையும் பசியும் கசையடியும் சொத்திழப்பும் சாவும்கூட நேரலாம். மற்ற எல்லோரும் விலகிப் போனாலும் தனியாக நிற்க முடியும் என்றால் மட்டுமே கையை உயர்த்த வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். 1894-இன் அதே விதிதான். விளங்காமல் கையொப்பம் வேண்டாம்.

அதற்குரிய சோதனை 1908 ஜனவரியில் வந்தது. ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது; இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்பது காந்தி புரிந்துகொண்ட ஏற்பாடு. நேற்று வரை பதியாதே என்றவர் இன்று பதி என்கிறாரே என்று மக்கள் குழம்பினர். 15,000 பவுண்டுக்குச் சமூகத்தை விற்றுவிட்டார் என்று கூட்டத்திலேயே ஒரு பட்டாணியர் குற்றம் சாட்டினார். பிப்ரவரி 10 அன்று, பதிவு அலுவலகம் நோக்கி நடந்த காந்தியை மீர் ஆலம் என்பவர் தாக்கி வீழ்த்தினார். உடனிருந்த தம்பி நாயுடு அடிகளைத் தடுத்துத் தாமும் காயமுற்றார். தம்மைத் தாக்கியவர்மீது வழக்கு வேண்டாம் என்றார் காந்தி.

பின்னர் ஸ்மட்ஸ் சட்டத்தை நீக்கவில்லை. தலைவர் ஏமாந்தார் என்று பழி சொல்ல எதிரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆயினும், ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் ஒரு பெரிய கொப்பரையில் எரிந்தன. மீர் ஆலமும் அங்கே வந்து காந்தியின் கையைப் பற்றினார். பதினான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு பென்னிக்கும் ரசீது வைத்திருந்த ஒருவர்மீது விலைபோனதாகச் சொல்லப்பட்ட பழி ஒட்டவில்லை. கணக்கேடு வெறும் கணக்கேடன்று என்று நான் சொல்வது இதனால்தான்.

தம்பி நாயுடுவைப் பற்றிக் காந்தி எழுதியுள்ள மதிப்பீடு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மொரீஷியஸில் பிறந்த இந்தத் தமிழர் பள்ளிப் படிப்பு இல்லாமலே பல மொழிகள் பேசினார். சமைத்தார், மூட்டை சுமந்தார், எதற்கும் அஞ்சவில்லை. முன்கோபம் மட்டும் இல்லாதிருந்தால் ட்ரான்ஸ்வாலில் சமூகத்தின் தலைமையையே ஏற்றிருப்பார் என்பது காந்தியின் எண்ணம். வீரத்தைவிடப் பொறுமையைத் தலைமைக்கு நெருக்கமான பண்பாக அவர் கருதியிருக்கிறார்.

1910-இல் ஹெர்மன் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் டால்ஸ்டாய் பண்ணையில் போராட்டக் குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்தன. காந்தி அங்கே செருப்புத் தைத்தார், சமையலை மேற்பார்த்தார், தாம் அரைகுறையாக அறிந்த தமிழ் எழுத்துகளைத் தமிழ்ச் சிறுவர்களுக்கே கற்பித்தார். அங்கிருந்து புறப்பட்ட 11 பெண்கள், பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், 1913-இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீது விதிக்கப்பட்ட ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி நீங்க வேண்டும் என்பது கோரிக்கை.

திரண்டு வந்த தொழிலாளர்களுக்குச் சார்லஸ்டவுனில் சோறு போட வேண்டியிருந்தது. பரிமாறும் வேலையைக் காந்தியே எடுத்துக்கொண்டார். சில நாள் பருப்பில் தண்ணீர் மிகுந்திருக்கும். சில நாள் வேகாமலிருக்கும். பற்றாக்குறையை அவர் எடுத்துச் சொன்னால் மக்கள் புன்னகையோடு ஏற்றுக்கொண்டார்கள். நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லை கடந்து நடந்தார்கள். தலைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. நான்கு நாள்களில் காந்தி மூன்று முறை கைது செய்யப்பட்டார். முதல் கைது நள்ளிரவில். அருகில் படுத்திருந்த பி.கே. நாயுடுவை எழுப்பி, பிறரைக் கலைக்காமல், மறுநாள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிட்டுப் போனார். விடிந்ததும் அணிவகுப்பு வழக்கம்போல் நடந்தது. அவர் இல்லாமல் நடந்தது என்பதே அந்தப் பயணத்தின் பெரிய செய்தி. பால்ஃபரில் தொழிலாளர்கள் ரயிலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டபோதும் வேலைநிறுத்தம் ஓயவில்லை. நேட்டால் முழுவதும் பரவியது.

விலை கொடுத்தவர்களும் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை என்ற 16 வயதுப் பெண், சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அவ்வாண்டே 3 பவுண்டு வரி நீக்கப்பட்டது.

இந்தப் பள்ளியில் காந்தி கற்காமல் விட்ட பாடமும் உண்டு. அந்நாட்டின் சொந்த மக்களான ஆப்பிரிக்கர்களை அவருடைய போராட்டம் உள்ளடக்கவில்லை. தொடக்கக் கால எழுத்துகளில் அவர்களைத் தாழ்த்தியும் எழுதியிருக்கிறார். பாலசுந்தரம் வந்து நிற்கும் வரை தோட்டத் தொழிலாளி அவர் பார்வையில் படவில்லை என்றால், ஆப்பிரிக்கத் தொழிலாளி அவர் பார்வைக்குள் வரப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. இதைச் சொல்லாமல் அவரைக் கொண்டாடுவது அவருக்கே ஏற்காது.

1915-இல் நாடு திரும்பியவர், கோகலேயின் அறிவுரைப்படி ஓராண்டு பொதுப் பிரச்னைகளில் வாய் திறக்காமல் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளில் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். 1917-இல் சம்பாரணுக்குச் சென்றபோது, உதவிக்கு வந்த பிகார் வழக்குரைஞர்களுக்கு அவர் கொடுத்த வேலை மேடைப் பேச்சு அன்று. அவுரி விவசாயிகளின் வாக்குமூலங்களை, குறுக்கு விசாரணை செய்து, ஐயத்துக்குரியதை விலக்கி, ஆயிரக்கணக்கில் எழுதச் செய்தார். ராஜேந்திர பிரசாதும் எழுதினார். தனித்தனிச் சமையற்காரர்களோடு வந்திருந்த அந்தக் கனவான்கள், சில நாள்களில் ஒரே அடுக்களையில் சாப்பிடலானார்கள்.

1919-இல் ரௌலட் சட்ட எதிர்ப்பு வேகத்தில் இந்தப் பயிற்சியெல்லாம் பின்னுக்குப் போனது. சட்டத்துக்குப் பணிந்து பழகாதவர்களிடம் சட்ட மறுப்பை ஒப்படைத்துவிட்டதாகவும், அது இமயமலையளவு தவறு என்றும் வெளிப்படையாகச் சொல்லி இயக்கத்தை நிறுத்தினார். பிறகு பம்பாயில் தொண்டர் படை ஒன்றைச் சேர்த்து, சத்தியாகிரகத்தின் பொருளை மக்களுக்கு விளக்கும் வேலையைத் தொடங்கினார். கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்தவர்களிலிருந்து அந்த வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் மிகச் சிலர். கொடுத்தவர்களிலும் ஒழுங்காகப் பயிற்சிக்கு வந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்தார்கள். எஞ்சியவர்களை வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடர்ந்தார்.